மூன்றுக்கும் ஒரே சொல்

பிரிஸ்கில்லா டீச்சர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியில் இருபத்தாறு வருடமாக இங்கிலீஷ் நடத்துகிறாள். எட்டாம் வகுப்புக்கு ஹியர், லிசன் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டதே இல்லை. சத்தம் தானாகக் காதில் விழுந்தால் ஹியர், நாமாகக் காது கொடுத்தால் லிசன். இதில் மண்டையை உடைத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

இந்த வெள்ளிக்கிழமை நாகஜோதி என்ற பிள்ளை எழுந்து, "டீச்சர், தமிழ்ல ரெண்டுமே கேக்கிறதுதான? ஆஸ்க்குக்கும் அதேதான?" என்றாள்.

"அதுலதாம்ட்டி நாம மாட்டிக்கிடுதோம்" என்றாள் டீச்சர். வகுப்பே சிரித்தது. டீச்சருக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கைப்பையில் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. மார்பில் கட்டி. திங்கட்கிழமை மதுரையில் ஆபரேஷன். கையெழுத்துப் போட வீட்டு ஆள் ஒருவர் கட்டாயம் கூட வர வேண்டுமாம். புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. இருக்கிற ஒரே மகள் பியூலா பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள்.

குறை சொல்லக் கூடாது, டீச்சரின் ராஜபாளையம் வீட்டுக்குத் தினமும் ராத்திரி ஏழு மணிக்கு அவளிடமிருந்து போன் வந்துவிடும். "கேக்குதாட்டி?" என்பாள் டீச்சர். "கேக்குதும்மா, சொல்லு" என்பாள் மகள். பின்னால் கீபோர்டு டகடகவென்று ஓடிக்கொண்டிருக்கும்.

கட்டியைப் பற்றிப் புதன்கிழமையே சொல்லியாயிற்று. "சரிம்மா, மாத்திரை போடு" என்று பதில் வந்தது. வியாழக்கிழமை வேண்டுமென்றே, "நடுவீட்டுல ஒரு யானை வந்து நிக்குது பியூலா" என்றாள். "சரிம்மா. நீ சாப்ட்டியா?" என்றாள் மகள். போனை வைத்துவிட்டு டீச்சர் வயிறு நோகச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் வீடு ஒரேயடியாக அமைதியாகிவிட்டது. அவளுக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது நாகஜோதி சொன்னதுதான் மண்டைக்குள் ஓடியது. சொல்லத்தான் சொன்னோம், ஒரு தடவையாவது கேட்டோமா? வாய் திறந்து கேட்டால் பெற்ற பிள்ளை வராமலா போய்விடும்?

ஏழு மணிக்குப் போன் வந்தது.

"கேக்குதாட்டி?"

"கேக்குதும்மா, சொல்லு." கீபோர்டு ஓடிக்கொண்டிருந்தது.

"திங்கக்கிழம எனக்கு ஆபரேஷன். பயமா இருக்கு. லீவு போட்டுட்டு வாரியாட்டி?"

கீபோர்டு நின்றது. அந்தப் பக்கம் ஃபேன் சுற்றுவதுகூட டீச்சருக்குத் தெளிவாகக் கேட்டது. பியூலா மூச்சை இழுத்துப் பிடித்ததும் கேட்டது.

"ஹலோ... அம்மா... கேக்கலம்மா. சிக்னல் இல்ல. பொறவு கூப்பிடுதேன்."

டீச்சர் போனைக் கீழே வைத்தாள். இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் மகள் காது கொடுத்துக் கேட்டிருக்கிறாள். அதனால்தான் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டாள்.