எல்லாக் கட்டிலிலும் அவர்தான்

1

இந்தக் கதை என் தங்கையின் ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. திருடியது என்றே சொல்லலாம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டைப் பார்த்தபடி சொன்னாள்: "அண்ணா, எல்லாக் கட்டில்லயும் அவர்தான் படுத்திருக்கார்."

அவர் என்றால் அவள் கணவர். எனக்கு மாப்பிள்ளை. போன வருடம் வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். மாடிப்படியில் இறங்கினாலும் ஏறினாலும் கடைசிப் படியில் நின்று செருப்பை மண் உதிரத் தட்டுவது அவர் பழக்கம். அப்படித் தட்டிக்கொண்டே, "சாயங்காலம் வந்துடுவேன்" என்றார். வரவில்லை. நாங்கள்தான் போய் எடுத்துவந்தோம்.

எழுதுகிறவனுக்கு வெட்கம் கிடையாது. கை கழுவுவதற்குள் முதல் வரியை யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

2

அன்று மழை பெய்து

(வேண்டாம். பயமுறுத்தும் கதை என்றால் மழை பெய்தே தீரவேண்டுமா?)

அவள் ஒரு சாதாரணப்

(இப்படி எழுதினால் வீட்டில் எனக்குச் சாப்பாடு கிடைக்காது.)

சரி, நேராகவே சொல்கிறேன். என் தங்கையை வீட்டில் பாப்பா என்போம். நாற்பதை நெருங்கும் பாப்பா. ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்யும் கம்பெனியில் டெஸ்டர், அதாவது அது சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பவள். திரையை அவளே தட்டித் தட்டிப் பார்ப்பதில்லை. அவளுக்குப் பதிலாகத் தட்டிப் பார்க்க ஸ்கிரிப்ட் என்று ஒரு குட்டி நிரல் எழுதிவைத்திருக்கிறாள். தினமும் காலையில் அது தானாக ஓடும். ஒரு பொய் நோயாளி வருவார், பேரைப் பதிவுசெய்வார், கட்டில் கேட்பார். கிடைத்தால் பாஸ். ஸ்கிரிப்டின் கடைசி வரி அவரை அழித்துவிடும். மறுநாள் வருகிறவருக்கு இடம் வேண்டுமே.

அந்த நோயாளியை வார்க்க ஓர் அச்சு உண்டு. கிளாஸ் என்பார்கள். செங்கல் அச்சு மாதிரிதான். ஒன்று செய்துவைத்தால் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். அச்சுக்கு ஒரு பேரும் வயதும் ரத்த வகையும் கொடுக்கவேண்டும். இந்த டெஸ்டர்கள் சோம்பேறிகள், வீட்டு ஆளின் விவரத்தைப் போட்டு வேலையை முடித்துவிடுவார்கள். பாப்பா கல்யாணமான புதிதில் மாப்பிள்ளையைப் போட்டாள். அவர் போன பிறகும் மாற்றவில்லை. காலைதோறும் வந்தார், படுத்தார், அழிந்தார்.

3

"தாங்கல அண்ணா. அந்தக் கடைசி வரிய மட்டும் எடுத்துட்டேன்."

"எடுத்தா என்ன ஆகும்?"

"போக மாட்டார்."

(இங்கே அழுகை வைக்கலாமா என்று பார்த்தேன். அவள் அழவில்லை. தண்ணீர் கேட்டாள்.)

போகவில்லைதான். தினம் ஒரு மாப்பிள்ளையாக, டெஸ்டுக்கென்று வைத்திருந்த வார்டு நிறைந்தது. ஒருநாள் ஸ்கிரிப்ட் ஃபெயில் ஆனது: கட்டில் காலி இல்லை. அவளுக்கு மேலே இருக்கும் டீம் லீட் திரையைப் பார்த்துச் சிரித்தாராம். "ஏம்மா, ஊர்ல வேற ஆளே இல்லையா? மொத்தமா அழிச்சுடுங்க."

(சாயங்காலம் வந்துடுவேன்.)

மொத்தமாக அழிக்க ஒரே ஒரு பொத்தான்தான். பாப்பா விரலை வைத்தாள், எடுத்தாள், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

4

ஒரு சங்கடம். மூன்றாம் பகுதியில், டீம் லீட் பேச்சுக்கு அடுத்து, அடைப்புக்குறிக்குள் ஒரு வரி இருக்கிறது. அதை நான் எழுதவில்லை. அழித்தேன். டீ போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் மறுபடி இருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தக் கதையை எழுதி எழுதி நான் தூக்கிப்போட்ட பிரதிகளை நினைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொன்றிலும் மாப்பிள்ளையை வரவழைத்தேன், செருப்பைத் தட்டவைத்தேன், ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிறகு பாதியில் விட்டுவிட்டு அடுத்த பிரதிக்குப் போய்விட்டேன். அந்த மாப்பிள்ளைகளை யார் துடைத்தார்கள்? அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே வியாதி.

5

இன்று மாலை பாப்பா கூப்பிட்டாள். மடிக்கணினித் திரையில் ஒரு கட்டில் மட்டும் காலியாக இருந்தது. அதற்கு எதிரே: வீடு திரும்பினார்.

"நீ அனுப்புனியா?"

"வீட்டுக்கு அனுப்புற வேலையே அந்த கிளாஸ்ல கிடையாது. நான் எழுதவே இல்ல."

"அப்போ யாரு?"

அவள் அந்தக் கட்டிலைத் தொட்டுக் காட்டினாள். "கட்டில் காலியாயிடுச்சு. நாளைக்கு பாஸ் ஆயிடும். இன்னொருத்தர் வருவார்" என்றாள்.

"ஒரு மாப்பிள்ளைன்னா சமாளிக்கலாம் பாப்பா. எல்லாரும் கிளம்பிட்டா?"

விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் போனபின் முதல்முறையாகச் சிரித்தாள். பிறகு இருவருமே சிரிப்பை நிறுத்திக்கொண்டோம்.

6

கதைக்கு முதல் முடிவு: பாப்பா பொத்தானை அழுத்துகிறாள். வார்டு காலி. அச்சில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பேரைப் போடுகிறாள். அழுகிறாள், சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். அண்ணனாக எனக்கு இதுதான் வேண்டும். ஆனால் அவள் என் தோளுக்குமேல் எட்டிப் படித்துவிட்டுக் கேட்டாள்: "மொத்தமா அழிச்சா, வந்துட்டிருக்கிறவரும் அழிஞ்சிடுவாரா?"

எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும்.

இரண்டாம் முடிவு: வாசலில்

(இதை எழுத எனக்குத் தைரியமில்லை.)

7

மாடியில் எங்கள் வீடு ஒன்றுதான். படியில் காலடிச் சத்தம் கேட்கிறது. கடைசிப் படியில் நிற்கிறது. செருப்பைத் தட்டும் சத்தம்.

திரையில் இன்னொரு கட்டில் காலியாகிறது. கீழே இன்னொரு ஜோடிச் செருப்பு ஏறத் தொடங்குகிறது.

பாப்பாவின் விரல் பொத்தான்மேல். என் கை தாழ்ப்பாள்மேல். அழுத்து என்றோ விடு என்றோ நான் சொல்லவேண்டும் என்று அவள் காத்திருக்கிறாள். ஆனால் நான் எழுதும் முடிவும் அவள் ஸ்கிரிப்டின் அந்தக் கடைசி வரி மாதிரிதான். உள்ளே இருக்கும் எல்லோரையும் துடைத்துவிடும், எங்களையும் சேர்த்து. அதனால் நான் முடிக்கப்போவதில்லை. விரலா, தாழ்ப்பாளா, நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம்.

"அண்ணா," என்கிறாள் பாப்பா, "சாயங்காலம்னு சொல்லிட்டுத்தானே போனார்?"