மெத்தை வீட்டின் முழு வரி

ஊராட்சித் தலைவர் இளையபெருமாளை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. ‘மெத்தை வீட்டுக்காரர்’ என்றால்தான் தெரியும். அரும்பாவூர்ப் பக்கத்தில் மெத்தை என்றால் மாடி; அங்கே முதன்முதலாக மாடி வைத்துக் கட்டியவர் அவருடைய தாத்தா. அந்தப் பட்டத்துக்கு ஒரு குறை வந்தால் இளையபெருமாளுக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்டவர்தான், கூரை வீட்டுக்குப் பாதி வரி என்ற பழைய சலுகையை நிறுத்தத் துணிந்தார். ஏழைகளுக்காக வந்த சலுகை அது. ஆனால் மாடி கட்டியவர்கள்கூட மேலே நாலு கீற்றைப் போட்டுவிட்டு, “எங்களதும் கூர வூடுதான்” என்று சாதித்து வந்தார்கள். ஊராட்சியிடம் தெருவிளக்குக்குக்கூடப் பணமில்லை.

கூட்டத்தில் உறுப்பினர்கள் கொதித்தார்கள்.

“எலெக்சன் வருதுங்க. இப்பப் போயி கீத்துல கை வச்சா ஓட்டு வுழுமா?” என்றார் நல்லதம்பி.

“ஒரேயடியா வேணாங்க. வருசத்துக்கு ஒரு கீத்தா உருவிக்கலாம்” என்றார் கொளஞ்சியம்மாள்.

தலைவரின் மைத்துனர் வீரமுத்து சாவகாசமாக எழுந்தார். “ஏன் மாமா, மொளவா மூட்ட வைக்க அக்கா மாடியில கொட்டா போட்டிருக்கே, உங்களுக்கும் பாதி வரிதான? அப்ப நீங்களும் கூர வூட்டுக்காரருதான்!”

மன்றமே சிரித்தது. இளையபெருமாளுக்குக் காது சிவந்துவிட்டது. தாத்தா சம்பாதித்த பெயரல்லவா! விறுவிறுவென்று வீட்டுக்குப் போனார். வேட்டியை மடித்துக் கட்டி மாடியேறி, கொட்டகையைப் பிய்த்துத் தெருவில் எறிந்தார். ஒரு கீற்று, கீழே நின்ற மனைவி ராசாத்தியின் தலையில் விழுந்தது.

“மொளவாய எங்க வைக்கிறதாம்?”

“எந்தலையில வையி! முழு வரி கட்டுறேன். எவன் கூரன்னு சொல்றான்னு பாக்குறேன்!”

அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“தலைவரே பிரிச்சப்புறம் நாங்க மறுக்க முடியுங்களா? சலுகைய எடுத்துடுங்க” என்றார் நல்லதம்பி.

“ஆமா மாமா,” என்றார் வீரமுத்து. “இனிமே எங்க வூடெல்லாமும் மெத்த வூடுதான்.”

இளையபெருமாள் திடுக்கிட்டார். “எல்லாமுமா?”

“பின்ன? முழு வரி கட்டுனா மெத்த வூடுன்னு எழுத்துல ஏறிடுமில்ல.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “ஏழ பாழ வயித்துல அடிக்க நான் தலைவராவல. சலுகை அப்படியே இருக்கட்டும். உங்க வூடெல்லாம் கூர வூடுதான்.”

“அப்ப உங்களது?” என்றார் கொளஞ்சியம்மாள்.

“அதுக்கு முழு வரி. இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டாலும் சரி.”