வடக்கு வாசலில் நின்ற படை

அலுவலகத்தில் அந்த வருடம் மூன்றாவது முறையாக மென்பொருளை மாற்றியிருந்தார்கள். பழையதில் இரண்டு கிளிக்கில் முடிந்த காப்பீட்டு மனுவுக்குப் புதியதில் ஒன்பது பக்கம். பயிற்சி கொடுக்க வந்தவன் "ரொம்ப ஈஸி மேடம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான், போனவன் போனவன்தான். பெரியவள் முட்டி மோதித் தானே கற்றுக்கொண்டாள். அவளுக்கு இது புதிதா என்ன? அந்த வீட்டில் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிய முதல் ஆள் அவள். உதவித்தொகைக்கு எந்த ஜன்னலில் நிற்பது, நேர்காணலில் கையை எங்கே வைத்துக்கொள்வது, கேட்க ஒரு நாதியில்லை. அவள் தடுக்கி விழுந்த இடமெல்லாம் பார்த்துவைத்துக்கொண்டு, பின்னால் தங்கை, சின்னவள், ஒழுங்காக நடந்து வந்தாள்.

பெரியவளுக்குத் தலைகீழ்ப் பாடமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று: பள்ளிக் காலத்திலிருந்து இருவரும் ஆடும் அந்தப் பழைய கணினி விளையாட்டு. நகரம் கட்டி, படை சேர்த்து, எதிராளியின் தலைநகரைப் பிடிக்க வேண்டும். ஒரே கணினி. ஒருத்தி ஆடும்போது மற்றவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். சின்னவள் வேறு ஊருக்குப் படிக்கப் போன பிறகும் விடவில்லை. தன் முறையை முடித்து, ஆட்டத்தைச் சேமித்து, அந்தக் கோப்பை மெயிலில் அனுப்பினால் மற்றவள் திறந்து தன் முறையை ஆடுவாள். நாளுக்கு ஆளுக்கு ஒரு முறை.

போன மாதம் அதன் இரண்டாம் பாகம் வந்தது. சின்னவள் இருவருக்குமாக வாங்கிவிட்டாள். இணையத்தில் சேர்ந்தே ஆடலாம், பேசிக்கொண்டே ஆடலாம். பெரியவள் ஒருமுறை திறந்து பார்த்தாள். வயல் இருந்த இடத்தில் வயலைக் காணோம். படையை நகர்த்தும் பொத்தானையும் காணோம். மூச்சுக்கு முந்நூறு தடவை ஒரு மந்திரி முளைத்து அறிவுரை சொன்னான். பயிற்சிக்காரன் முகம் ஞாபகம் வந்தது. மூடிவிட்டாள்.

"புதுசு வேணாம்டி. நாள் பூரா புதுசு புதுசா கத்துக்கிட்டு வரேன். எனக்குத் தெரிஞ்சதுன்னு ஒண்ணாவது இருக்கட்டும்."

போனில் சின்னவள் கெஞ்சிப் பார்த்தாள். பழையதில் குரல்கூடக் கேட்பதில்லை என்றாள். கடைசியில், தோற்றுவிடுவோம் என்ற பயமா என்று சீண்டினாள். இந்த ஆட்டத்தில் இரண்டு வருடமாகத் தன் தலைநகர் விழவில்லை என்பதை ஞாபகப்படுத்திவிட்டுப் பெரியவள் போனை வைத்தாள்.

சனிக்கிழமை மதியம் கோப்பு வந்தது. பரீட்சைக்கு ஓடும் அவசரத்தில், தன் முறையை முடிக்காமலேயே சேமித்து அனுப்பியிருந்தாள் சின்னவள். திறந்ததும் தெரிந்தது, பெரியவள் கண்ணுக்கு மறைந்தே இருக்கும் தங்கையின் பக்கம். உடனே மூடியிருக்க வேண்டும். பெரியவள் மூடவில்லை.

அவளுடைய தலைநகரின் வடக்கு வாசலை ஒட்டிய காட்டுக்குள் தங்கையின் பதினொரு அணிகள் நின்றன. வாசலில் இவள் வைத்திருந்த காவல் ஒரே ஒரு வில்லாளி. ஒவ்வோர் அணியின் தலைமேலும், எத்தனை முறையாக அது அசையாமல் நிற்கிறது என்ற எண். நூற்று நாற்பது. சின்னவள் விடுதிக்குப் போய்க் கிட்டத்தட்ட அத்தனை நாள்தான் ஆகிறது.

காது சூடேறியது. பரீட்சை முடியட்டும் என்று காத்திருந்து, சாயங்காலம் கூப்பிட்டாள்.

"எனக்குப் பிச்சை போடுறியாடி?"

முறையை முடிக்காமல் அனுப்பியது சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"தலைநகரைப் பிடிச்சா ஆட்டம் முடிஞ்சிடும்க்கா. புதுசுக்கும் நீ வரமாட்டே. போன்ல பேசுனா 'ம்', 'சரி', 'வை'. அந்த மெயில் ஒண்ணுதான் தினம் வருது."

திட்டுவதற்கு வாய்வரை வந்த வார்த்தைகளைப் பெரியவள் விழுங்கினாள். கோபப்படவும் தெம்பு வேண்டியிருந்தது. திரையில் அந்த ஒற்றை வில்லாளி வில்லைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தான். அவனுக்கும் கால் வலித்திருக்கும்.

"அடிச்சிடு. அடிச்சிட்டு, முறையை முடிச்சு ஒழுங்கா அனுப்பு."

ஞாயிறு காலை கோப்பு வந்தது. தலைநகர்மேல் தங்கையின் கொடி. அதை ஒரு நிமிடம் பார்த்திருந்துவிட்டு, பெரியவள் இரண்டாம் பாகத்தைத் திறந்து, தலையில் ஹெட்போனை மாட்டித் தங்கையை ஆட்டத்துக்குக் கூப்பிட்டாள்.

"இதுல விட்டுக்கொடுத்தே, தொலைச்சிடுவேன். இந்த மந்திரி வாயை எப்படிடி மூடறது?"

"தெரியலக்கா. நானும் ஒரு வாரமா தேடறேன்."

சின்னவளுக்கும் தெரியாதாம். பெரியவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மந்திரி சொன்னதை முதல் வரியிலிருந்து, தங்கைக்கும் கேட்கும்படி உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.