அப்பாவின் லீக் விளக்கு

என் தங்கை புருஷனுக்கு அப்பா வைத்த பெயர் தராசு. எங்கே போனாலும் அவர் கையில் ஒரு எலக்ட்ரானிக் தராசு இருக்கும். குளிரூட்டுகிற கேஸ் சிலிண்டரை அதன்மேல் நிற்கவைத்து, கிராம் கணக்குப் பார்த்துத்தான் கேஸை ஃப்ரீசருக்குள் விடுவார். கேலியாகத்தான் அப்பா அந்தப் பெயரை வைத்தார். ஆனால் தராசு புது ரக கேஸுக்கான பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு திரும்பிய நாளிலிருந்து அதே பெயர் அப்பா வாயில் செல்லப் பெயராகிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அப்பாவுடையது ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர் ரிப்பேர் கடை. நான் கவுண்டரில் உட்கார்ந்து போன் எடுப்பவள். என் வீட்டுக்காரர் அங்கே பெரிய மெக்கானிக், தராசு சின்ன மெக்கானிக். முட்டி தேய்ந்துபோனதால், கடையை ஒரு மருமகனிடம் கொடுத்துவிட்டு உட்காரப்போகிறேன் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். எந்த மருமகன் என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை. மேஜை மேலிருக்கிற பித்தளை விளக்கைத் தட்டி, "இது யார் கைக்குப் போகுதோ, கடையும் அவங்களுக்குத்தான்" என்பார்.

அது வெளிச்சத்துக்கான விளக்கு இல்லை. கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கிற விளக்கு. அடியில் குட்டி சிலிண்டர், மேலே செப்புத் தகடு, பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய். பற்றவைத்து, குழாயின் முனையை ஃப்ரிட்ஜ் பைப்புகளின் ஓரமாக நகர்த்திக்கொண்டே போனால், கசிகிற இடம் வந்ததும் நீலச் சுடர் பச்சையாகிவிடும். அதன் புகை தொண்டையைக் கடிக்கும், அது வேறு விஷயம். பச்சையைப் பார்த்ததும் அப்பா முகத்தில் வருகிற சிரிப்பு நான் பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட வந்ததில்லை.

அப்புறம் கேஸ் மாறியது. பழைய கேஸ் மேலே போய் ஆகாயத்தைக் கெடுக்கிறதாம், பூமியைச் சூடாக்குகிறதாம். கம்பெனிகள் ஒவ்வொன்றாக வேறு கேஸுக்குப் போயின. புதியது ஆகாயத்தை ஒன்றும் செய்யாது, ஆனால் தீப்பிடிக்கும். அதனால் ஃப்ரிட்ஜ், ஃப்ரீசரின் முதுகில் மஞ்சள் முக்கோணத்தில் தீப்படம் ஒட்டி அனுப்புகிறார்கள். ஆகாயத்துக்கு நல்லதுதான். அந்த வேலை தராசுக்குத்தான் தெரியும், அதனால் என் குடும்பத்துக்குத்தான் ஆகவில்லை.

"அக்கா, நெருப்பே இல்லாம பைப்ப ஒட்டுற மெஷின் ஒண்ணு அப்பா இவருக்கு வாங்கிக் குடுத்திருக்காருக்கா" என்று தங்கை போன் செய்தாள். அதைச் சொல்வதற்கென்றே செய்த போன். சின்ன வயதிலிருந்தே அவள் தட்டில் விழுவதுதான் பெரிய துண்டாக இருக்கும்.

என் வீட்டுக்காரரிடம் கத்தினேன். அவர் இடி விழுந்தாலும் முதலில் டீயைக் குடித்து முடிப்பவர்.

"ஏங்க, உங்களுக்குச் சூடு சொரணையே கிடையாதா? கடை கை நழுவிப் போகுது!"

"தராசு நல்லா சொல்லிக் குடுக்குறான். சாயங்காலம் டீக்கடையில ஒவ்வொண்ணா கேட்டுக்கிறேன்."

எதிராளியிடமே பாடம்! அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

ஒருநாள் காலையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டிலிருந்து போன் வந்தது. புது ஃப்ரீசர் ஒன்று குளிரவில்லையாம், கேஸ் கசிவு என்று சந்தேகமாம். அவர்களிடம் இன்னும் வரிசையாக நிறைய ஃப்ரீசர்கள் உண்டு. வேலை திருப்தியாக இருந்தால் எல்லாவற்றின் பராமரிப்பும் நமக்கே. அப்பா முட்டிவலியோடு தானே கிளம்பினார், இரண்டு மருமகன்களும் கூடவே. கொஞ்ச நேரத்தில் எனக்கு அப்பாவின் போன்.

"விளக்க எடுத்துக்கிட்டு உடனே வா."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன். தராசின் லீக் பார்க்கிற மெஷின் காலை வாரிவிட்டது, இனி விளக்குதான். அதை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து, அப்பா கண்ணெதிரே அவரையே கசிவைக் கண்டுபிடிக்க வைத்துவிட்டால் கடை எங்களுக்குத்தான். விளக்கை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன்.

ஃப்ரீசர் சூப்பர் மார்க்கெட்டின் பின்புற ஸ்டோர் ரூமில் இருந்தது. ஜன்னல் இல்லாத அறை, சுற்றிலும் அட்டைப்பெட்டிகள். தராசு லீக் பார்க்கிற கருவியை நீட்டிக்கொண்டு வியர்த்துப்போய் நின்றார். அது எங்கே வைத்தாலும் கீ கீ என்று கத்தியது. காலையில் யாரோ ஸ்பிரிட் போட்டு அலமாரிகளைத் துடைத்திருக்கிறார்கள், அந்த வாசனைக்கும் சேர்த்துக் கத்துகிறது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு மனசுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

விளக்கை என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அப்பா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"மெஷினாம் மெஷின்! ரெண்டே நிமிஷத்துல நான் காட்டுறேன் பாருங்க, சார்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தார்.

தராசின் முகம் வெளுத்துவிட்டது. "மாமா... மாமா..." என்றார். அதற்குமேல் வரவில்லை. மாமனார் பேச்சை மறித்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் யாருக்குமே இல்லை.

அப்பா குச்சியை உரசினார். முதல் உரசலில் பற்றவில்லை. இரண்டாவது உரசலுக்குள் என் வீட்டுக்காரர், நடையில் ஆமையைத் தோற்கடிக்கிற அந்த மனுஷன், ஒரே எட்டில் போய் அப்பாவின் கையைப் பிடித்து முறுக்கினார். தீப்பெட்டி கீழே விழுந்தது. குச்சிகள் சிதறின. மேனேஜர் முன்னால், பெற்ற மகள் முன்னால், மாமனார் கையை முறுக்கிவிட்டார்.

"மாமா, இதுல பச்ச வராது. வெடிதான் வரும்" என்றார். "யாரும் சுவிட்ச்ச தொடாதீங்க. கதவ ரெண்டையும் திறங்க. இந்த கேஸுக்கு வாசன கிடையாது, தரையோட தங்கும். எல்லாரும் வெளிய போங்க."

அப்போதுதான் ஃப்ரீசரின் முதுகில் இருந்த மஞ்சள் முக்கோணம் என் கண்ணில் பட்டது. எங்கள் எல்லார் முன்னாலும் அது இவ்வளவு நேரமும் நின்றுகொண்டிருந்திருக்கிறது. விழுந்தடித்து வெளியே ஓடினேன். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், வெளியே வந்ததும் முதலில் ஓடிய நினைப்பு உயிரைப் பற்றியது இல்லை. போச்சு, கடை போச்சு என்பதுதான்.

அறை நன்றாகக் காற்றாடிய பிறகு இரண்டு மருமகன்களும் ஃப்ரீசரை வாசலுக்குத் தள்ளிவந்து பைப்பில் சோப்பு நுரை தடவினார்கள். ஒரு மூலையில் குமிழி விட்டது. கசிந்ததுபோக மிச்சமிருந்த கேஸை வெட்டவெளியில் விட்டு, நெருப்பில்லாமல் பைப்பை ஒட்டி, எலக்ட்ரானிக் தராசில் நிறுத்துப் புது கேஸ் போட்டார்கள். அப்பா ஒரு பால் கிரேட்டின்மேல் உட்கார்ந்து மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே பார்த்தார்.

சாயங்காலம் தங்கையையும் கடைக்கு வரச் சொன்னார். விளக்கு மேஜைமேல் இருந்தது.

"சின்ன மாப்ள, இங்க வாங்க" என்று அதை எடுத்துத் தராசு கையில் கொடுத்தார்.

தங்கை என்னைத்தான் பார்த்தாள். சின்ன வயதில் பெரிய துண்டு கிடைத்ததும் பார்ப்பாளே, அதே பார்வை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"எங்க கிளம்பிட்ட? உக்காரு" என்றார் அப்பா. பிறகு தராசைப் பார்த்தார். "உங்களுக்கு எல்லாம் தெரியும், மாப்ள. ஆனா நான் குச்சிய உரசுறப்போ நீங்க வாயத் திறக்கல. தினமும் இதப் பாருங்க, அடுத்த தடவ வாய் வரும்."

சட்டைப் பையிலிருந்து கடைச் சாவிக்கொத்தை எடுத்து என் வீட்டுக்காரர் முன்னால் வைத்தார். "என் கையவே முறுக்குற ஆளு நீங்க. வச்சுக்கங்க. அவர விட்டுடாதீங்க, உங்களுக்குச் சொல்லிக் குடுத்தவர் அவர்தான்."

இப்போது கடை எங்களுடையது. சாவிக்கொத்து என் இடுப்பில்தான் தொங்குகிறது. சூப்பர் மார்க்கெட் வேலையும் எங்களுக்கே வந்தது. போன வாரம் தங்கை வீட்டுக்குப் போனேன். ஷோகேஸின் நடுத்தட்டில் அந்த விளக்கு. பாவி, புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள், தகதகவென்று மின்னுகிறது. வருகிறவர்கள் எல்லாரும் என்ன இது என்று கேட்கிறார்களாம். எங்கப்பா இவர் கையில் கொடுத்தது என்று சொல்கிறாளாம்.

"அத குடுத்துடேன்டி, கடையில வச்சுக்கிறேன்" என்றேன்.

அவள் என் இடுப்பைப் பார்த்தாள். "சாவியக் குடு, தரேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், கை சாவிக்குப் போய்விட்டது.