சில்லில் ஏறிய தேசிக்காய்

அந்தக் கோடையில் தேம்ஸ் நதியில் ஓர் அமெரிக்கக் கப்பல் ஓடியது. அமெரிக்காவிலிருந்து வந்ததல்ல, மிசிசிப்பியில் உல்லாசப் பயணம் போகும் நீராவிக் கப்பல்களைப் பார்த்துச் செய்தது. இரண்டு கறுப்புப் புகைபோக்கிகள், அடுக்கடுக்காய் வெள்ளை விறாந்தைகள், பின்னால் வீட்டுயரத்துக்கு ஒரு சிவப்புச் சில்லு, பலகைகள் பூட்டிய சக்கரம். சில்லு தண்ணீரை வாரி வாரிக் கொட்ட, கப்பல் கொட்டாவி விட்டபடி நகரும்.

அதன் குசினியில், லண்டன் கோலியர்ஸ் வுட்டில் குடியிருந்த குகதாசனுக்குக் கோப்பை கழுவும் வேலை. கப்டன் உண்மையாகவே மிசிசிப்பிக்காரர். அங்கே ஆறு மிகவும் வளைவாம். முன்னால் புகை தெரிகிறதே, யாருடைய கப்பல் என்று விசாரித்தால், அது காலையில் தாங்களே விட்ட புகையாக இருக்குமாம். குகதாசன் இதை நம்பினார். கப்பலில் வேலை செய்பவர் கப்டனை நம்பாமல் யாரை நம்புவது?

அவருக்கு ஒரேயொரு ஆசை. மனைவி சிவகௌரியை ஒருதரம் தண்ணீர்மேல் பக்கத்தில் இருத்திக் கூட்டிப்போக வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன், எண்பத்தைந்தில், அவள் ஊர்ச் சண்டைக்குத் தப்பி ராமேஸ்வரத்துக்குப் படகேறினாள். நேவிக்குப் பயந்து எஞ்சினை நிறுத்திவிட்டுக் கடல் நடுவே மூச்சுக்காட்டாமல் கிடந்த படகு. அதற்குப் பிறகு அவள் தண்ணீரில் எதிலும் ஏறியதில்லை. அந்தப் படகில் குகதாசன் இல்லை; முன்னமே லண்டன் வந்துவிட்டார். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நித்திரை வந்திருக்கும்.

வேலையாட்களின் வீட்டாருக்கு ஒரு ஞாயிறு இலவசப் பயணம் என்றார்கள்.

"நான் வரேல்லை," என்றாள் சிவகௌரி. பிறகு கேட்டாள்: "அந்தக் கப்பலுக்கு ஆரும் தேசிக்காய் வைச்சவையோ?"

"வெள்ளைக்காரன் வைப்பானோ, கௌரி?"

"எங்கட பழைய டட்சன் காருக்கே நாலு சில்லுக்கும் வைச்சு நசிச்சுப்போட்டுத்தானே வெளிக்கிட்டனாங்கள். இதிலை இத்தனை சனம் ஏறுது."

குகதாசன் அன்றே ரூட்டிங் கடைத்தெருவுக்குப் போய், எலுமிச்சைக் குவியலைக் கிளறி நல்ல மஞ்சளாய் ஒரு தேசிக்காய் வாங்கினார். கப்பலுக்கு ஒரு சில்லுதானே.

ஞாயிறன்று, துறைவரை மட்டும் என்று சிவகௌரியும் வந்தாள். வெஸ்ட்மின்ஸ்டர் இறங்குதுறையில் இருவரும் கப்டனுக்கு விஷயத்தைச் சொன்னார்கள். அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். ஆனால் சில்லுக்குக் கீழே நிலம் இல்லை, ஆறுதான் இருந்தது. குகதாசன் பின் விறாந்தையில் குனிந்து, பழத்தைச் சில்லுக்கு முன்னால் போட்டார்.

"துறையிலை நிண்டா ஒண்டும் தெரியாது. இஞ்சை வந்து பாரும்."

"நசியிறதைப் பாக்கத்தான் வாறன். ஏறினதா நினைக்காதேங்கோ," என்று சொல்லிக்கொண்டு அவள் ஏறினாள்.

சில்லு சுற்றத் தொடங்கியது. சில்லு சுற்றினால் கப்பலும் போகும் என்பது இருவருக்கும் தோன்றவில்லை. பழம் இரண்டு பலகைகளுக்கு நடுவே வசதியாகக் குந்திக்கொண்டு மேலே வந்தது. உச்சியில் வெயிலில் மினுங்கியது. பிறகு ஆற்றுக்குள் இறங்கித் தலை துவட்டாமல் திரும்பி வந்தது.

சிவகௌரி கம்பியைப் பிடித்தபடி அதையே பார்த்தாள். குகதாசன் அவளையே பார்த்தார். பாலங்கள் குனிந்து வழிவிட்டன. சென்ட் போல்ஸ் தேவாலயத்தின் கூரை ஒரு கவிழ்த்த சட்டிபோல மிதந்து போனது. ஒரு கடற்பறவை சில்லில் வந்து நின்று, சுற்றச் சுற்றப் படியேறுவதுபோல நடந்துகொண்டே தூங்கியது. பழைய பண்டகசாலைகள் தண்ணீரில் தலைகீழாக நின்று நெளிந்தன. எது கரை, எது நிழல் என்று கொஞ்ச நேரம் ஆற்றுக்கே பிடிபடவில்லை.

கிரீனிச்சில் கப்பல் திரும்பியபோது குகதாசன் பயந்து பயந்து கேட்டார்: "கௌரி, தலை சுத்துதோ?"

"ஏன் சுத்தவேணும்? பழம் இன்னும் நசியேல்லை. அப்ப நான் இன்னும் வெளிக்கிடேல்லைத்தானே."

பழம் நசியாதிருக்க வேண்டும் என்று குகதாசன் வேண்டிக்கொண்டார்.

டவர் பிரிட்ஜைத் தாண்டியதும் சில்லுக்குள் 'சதக்' என்றது. பழம் இரும்பில் சிக்கிப் பிதுங்கி, புளிப்பு வாசம் விறாந்தை முழுக்கப் பரவியது.  பயணம் தொடங்கவில்லை என்று சொல்ல இனி அவளுக்கு ஒரு சாட்டும் இல்லை. நாலு பக்கமும் தண்ணீர்.

சிவகௌரி முதல்தரம் குனிந்து ஆற்றைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். கைகள் கம்பியில் இறுகி வெளுத்தன. பிறகு மர வாங்கில் அமர்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினாள்.

"அண்டைக்குப் படகிலை என்ரை பக்கத்திலை ஒரு பொடிச்சி இருந்தவள்," என்றாள். "விடியும்வரை என்ரை கையை விடேல்லை. பேர்கூடக் கேக்கேல்லை நான்."

குகதாசன் பக்கத்தில் அமர்ந்தார். கையைக் கொடுத்தார்.

வெஸ்ட்மின்ஸ்டரில் கயிறு கட்டி எல்லோரும் இறங்கினார்கள். அவள் அசையவில்லை.

"கௌரி, இடம் வந்திட்டுது. இறங்கும்."

"டவர் பிரிட்ஜிலைதானே வெளிக்கிட்டனான். அதுக்கிடையிலை இறங்கச் சொன்னால்?"

குகதாசன் கப்டனிடம் போய்ச் சொன்னார். மிசிசிப்பியில் இதெல்லாம் வழக்கம்தான் என்று கப்டன் கயிற்றை அவிழ்த்தார்.