அறுபத்தெட்டு மேற்கோள்கள்

அழைப்பிதழை வாங்குவதற்கு முன் லூர்தம்மாள் கையை இரண்டு முறை புடவையில் துடைத்துக்கொண்டாள். அண்ணனூர் ஸ்டேஷனுக்கு வெளியே அவளுடைய இட்லிக் கடை. காலை வியாபாரம் முடிந்து பாத்திரங்கள் கவிழ்ந்திருந்தன. அழைப்பிதழில் என் மனைவி எவாஞ்சலினின் படம். அவள் இறந்து எட்டு மாதம் ஆகிறது.

“இன்னா பங்சன் நைனா?”

“வெள்ளிக்கிழமை காலேஜ்ல அவளுக்கு விருது குடுக்கறாங்க. அவ எழுதினத அறுபத்தெட்டு பேர் எடுத்துக் காட்டியிருக்காங்க. நீங்கல்லாம் பேசினதுதான் அதுல இருக்கு. நீங்க வரணும்.”

“அறுவத்தெட்டா? அத்தினி பேரா படிச்சாங்க?”

தலையாட்டினேன்.

எவாஞ்சலின் பேச்சு வழக்குகளை ஆராய்ந்தாள். மூன்று வருடம் இந்தப் பக்கம் வந்து, பேசுகிறவர்களைப் பதிவு செய்தாள். எந்த உயிரொலி எவ்வளவு நேரம் நீள்கிறது என்று கணினியில் அளப்பாள். அதே கல்லூரியில் என் வேலை, அவளை அளப்பது. எல்லோரையும்தான். யாருடைய கட்டுரை எத்தனை கட்டுரைகளில் மேற்கோளாகியிருக்கிறது என்று எண்ணி, வருடா வருடம் பட்டியல் அனுப்ப வேண்டும். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் எழுதிய கட்டுரையும் வெளியே போகுமுன் என் மேசைக்கு வரும். சக ஆசிரியர்களின் கட்டுரைகள் ஐந்தை அதன் கடைசிப் பக்கத்தில் சேர்ப்பேன். யாரும் யாரையும் படித்திருக்க வேண்டியதில்லை. எவாஞ்சலின் அதை மொய் என்பாள். அவள் வைக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. அவள் எண்ணிக்கை ஏழு.

போன வருடப் பட்டியலில் அவள் கடைசி. கையெழுத்துப் போட்டு அனுப்பியவன் நான். அன்று சாப்பிடும்போது, “ஏழு பேர வெச்சுக்கிட்டு என்ன பண்றது?” என்றேன்.

“ஏழு பேரும் படிச்சிருக்காங்க ஜெர்வின்.” பாதித் தட்டோடு எழுந்துவிட்டாள்.

ஜூலையில் காய்ச்சல். நான்கு நாள். அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே, மேசையிலிருந்த ஒவ்வொரு கட்டுரையிலும் அவள் பெயரைச் சேர்த்தேன். எந்திரவியல் கட்டுரையில்கூட. யாரும் கேட்கவில்லை. துறைத்தலைவர் ஹேமநாதன் எண்ணைப் பார்த்துக் கண் கலங்கினார். “இருக்கும்போது தெரியல பாருங்க,” என்றார். விருது அவருடைய யோசனை.

லூர்தம்மாள் அழைப்பிதழை டப்பா மேல் சாய்த்து வைத்தாள்.

“அப்ப ஏன் ஒருத்தரும் இந்தாண்ட வர்ல? படிக்கிறவங்க சந்தேகம் கேட்டுகினு வருவாங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லும். நானும் பாத்துகினே கீறேன். தூத்துக்குடிலேர்ந்து ஒரே ஒரு ஆளு வந்துச்சு. ரெண்டு இட்லி துன்னுச்சு, நூறு கேள்வி கேட்டுச்சு.”

அந்த ஆளின் கட்டுரை எனக்குத் தெரியும். ஏழில் ஒன்று.

“அறுபத்தெட்டு இல்ல,” என்றேன். “ஏழுதான். மீதி நான் சேத்தது.”

“யாருக்காண்டி?”

டப்பா மேல் இருந்த எவாஞ்சலினின் படத்தைப் பார்த்தேன்.

“வெள்ளிக்கெயம மேடைல யாரு வாங்கறது?”

“நான்தான்.”

அவள் மிச்சமிருந்த ஒரு குண்டானைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு கேட்டாள்: “எங்க ஊட்டுக்காரரு பேசுனத அந்தப் பொண்ணு புட்சி வெச்சிருந்துச்சு. குடுக்கறேன்னுச்சு. அதுக்குள்ள அவரும் பூட்டாரு, அதுவும் பூடுச்சு. அந்தக் கொரலு கீதா?”

இருந்தது. எவாஞ்சலினின் பதிவுகள் எல்லாம் என் கைபேசியில் இருந்தன. ஒவ்வொன்றும் அவள் குரலில்தான் தொடங்கும் என்பதால் எட்டு மாதமாக ஒன்றையும் திறக்கவில்லை.

“கீதா, இல்லியா?”

“இருக்கு.”

ஸ்டூலை எனக்காக இழுத்துப் போட்டாள். கைபேசியைக் கவிழ்ந்த குண்டான் மேல் வைத்து, அவள் கணவர் அருள்தாஸின் பெயரைத் தொட்டேன்.

எவாஞ்சலின் தொண்டையைச் செருமினாள். “பதினாலாவது பதிவு. அண்ணனூர். ஐயா, உங்க பேர் சொல்லுங்க.”

அவர் பேசத் தொடங்குமுன் பதிவுக்குள் ஒரு ரயில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. லூர்தம்மாள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். தண்டவாளம் காலியாக இருந்தது.