மூன்றால் வகுத்த தவளை

ஓடையில் இறங்குவதற்கு முன் பூட்ஸைக் கிருமிநாசினித் தண்ணீரில் முக்கித் தேய்க்க வேண்டும். ஓர் ஓடையின் நோயை இன்னோர் ஓடையின் தவளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடக் கூடாதாம். கணக்கெடுப்பின் கடைசி நாள் காலை நான் அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தபோது, என் மருமகள் ஒரு மரவேரில் உட்கார்ந்து கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஓடைக்கான வரிசையில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. பாசி நிறத்தில், அகன்ற வாயோடு, பாறை இடுக்கில் வாழும் பெரிய தவளை ஒன்றுக்கான கட்டம். முன்பு யாரோ பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒருவர் கண்ணிலும் படவில்லை.

“மதியம் ஜீப் கிளம்பறதுக்குள்ள கிடைக்கலன்னா ‘இல்லை’ன்னு எழுதணும் மாமா.”

“எழுதேன், என்ன குடி முழுகிடப் போகுது?”

“எழுதிட்டா இந்த ஓடைக்கு இனிமே யாரையும் அனுப்ப மாட்டாங்க. யாரும் தேடலன்னா அது நிஜமாவே இல்லாத மாதிரிதான்.”

அவள் குரலில் அழுகை இல்லை. ஆனால் பென்சிலின் பின்பக்கத்தை அணில் போலக் கடித்து வைத்திருந்தாள்.

நான் இங்கே வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை நான் விளம்பர வண்டியில் மைக் பிடித்தவன். ‘இன்றே கடைசி, இன்றே கடைசி’ என்று ஒரே பாத்திரக் கடைக்கு ஒரு தலைமுறைக் காலம் கத்தியிருக்கிறேன். நான் குரல் கொடுத்தால் அடுத்த ஊரில் தூங்கும் குழந்தை எழுந்து பால் கேட்கும். ஓய்வுக்குப் பிறகு அதே குரல் வீட்டுக்குள் சுற்றிச்சுற்றி வந்ததில் என் மனைவிக்குத் தாங்கவில்லை. “காட்டுக்குக் கூட்டிட்டுப் போம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்” என்று என்னை மருமகளிடம் ஒப்படைத்துவிட்டாள்.

எனக்கு இந்த வேலை பிடித்துப்போயிற்று என்று சொன்னால் குறைவு, பைத்தியமே பிடித்துவிட்டது. இலைச்சருகின் மேல் முழங்காலிட்டு, கயிறு கட்டிக் குறித்த சதுரத்தின் நான்கு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கித் தவழ வேண்டும். ஒவ்வோர் இலையாகப் புரட்டப் புரட்ட, விரல் நகத்தளவு தவளைகள் கடுகு வெடிப்பதுபோலத் தெறிக்கும். தாழ்வான பிளாஸ்டிக் வேலி ஓரமாகத் தரையில் வாளிகளைப் புதைத்து வைத்திருப்போம். காலையில் மூடியை நீக்கி எட்டிப் பார்ப்பதற்கு முன் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும் பாருங்கள், கல்யாணத்தன்றுகூட அப்படி அடித்துக்கொள்ளவில்லை. அரணையா, குட்டிப் பாம்பா, மண்புழு வேஷத்தில் பல்லோடு வரும், தவளைக்குத் தூரத்து உறவான காலில்லாப் பிராணியா? யார் வந்திருப்பார்கள்?

ஒரே ஒரு விஷயத்தில்தான் எனக்கும் அறிவியலுக்கும் ஒத்துப்போகவில்லை. தவளையை மூக்கு நுனியிலிருந்து பின்பக்கம் வரைதான் அளப்பார்களாம், காலைச் சேர்க்க மாட்டார்களாம். காலை விட்டுவிட்டு அளந்தால் நானும் பள்ளிக்கூடப் பையன்தானே! அதனால் அந்தக் கால்களின் சார்பில் நானே கொஞ்சம் சேர்த்துச் சொல்லி வந்தேன். முதல் வாரத்தில் ஓர் ஓணானைப் பார்த்துவிட்டு முதலை என்று கூவினேன். அன்றைக்கே மருமகள் சட்டம் போட்டுவிட்டாள்: “மாமா எந்த அளவு சொன்னாலும் மூணால வகுத்துக்கோங்க.” எங்கள் ஜீப் ஓட்டுநர் தவளைக்குப் பயந்தவர், கண்ணாடியைக்கூட இறக்க மாட்டார். அவரே உள்ளிருந்தபடி என்னைப் பார்த்து மூன்று விரலைக் காட்டிச் சிரிப்பார்.

அன்று வாளிகளைப் பார்த்து முடித்ததும், மருமகள் ஓடையின் கீழ்ப்பக்கம் போனாள். நான் மேல்பக்கம் ஏறினேன். யானை படுத்ததுபோல ஒரு பாறை; சரி, எருமை. அதன் அடியில் ஓர் இடுக்கு. இடுக்கின் வாசலில், உலர்ந்த கல்லின் மேல், அது உட்கார்ந்திருந்தது.

அசையவில்லை. நானும் அசையவில்லை. பாசிக்கு முதுகு முளைத்ததுபோல இருந்தது. தொண்டை மட்டும் தடதடவென்று துடித்தது. வாசலில் வந்து நிற்கும் விற்பனையாளரை வீட்டுக்காரர் பார்ப்பதுபோல, ‘ஒன்றும் வேண்டாம், போய்யா’ என்று என்னைப் பார்த்தது. கைபேசி ஜீப்பில் இருந்தது. பிடிக்க எனக்கு அனுமதி இல்லை. கூப்பிடத்தான் வேண்டும்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. அது என் உள்ளங்கை அளவு. உள்ளதைச் சொன்னால் அவள் வகுத்துவிட்டு, ஏதோ சருகுத் தவளை என்று அங்கேயே நின்றுவிடுவாள். ஆகவே நானே மூன்றால் பெருக்கிச் சொல்லிவிட்டால்? அவள் வகுக்கும்போது கணக்கு நேராகிவிடும்! என் நேர்மையை நானே மெச்சிக்கொண்டு, ஒரு தலைமுறைக் காலக் குரலைத் திரட்டிக் கத்தினேன்:

“பூசணிக்காய்! பூசணிக்காய் சைஸ்ல ஒரு தவளை!”

மரத்திலிருந்த பறவையெல்லாம் கிளம்பின. தவளையும் கிளம்பியது. ஒரே தாவு, இடுக்கின் இருட்டுக்குள்.

மருமகள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். காலிக் கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதடுகள் கணக்குப் போட்டன. சட்டென்று முகம் மாறியது.

“மாமா, உண்மையைச் சொல்லுங்க. வழக்கம்போல ஏத்திச் சொல்றீங்களா, இல்ல நான் வகுப்பேன்னு தெரிஞ்சு ஏத்திச் சொல்றீங்களா?”

உள்ளங்கையை விரித்து நீட்டினேன்.

“இவ்ளோதான்மா.”

“கால் சேர்த்தா?”

“கால் சேர்க்காம.”

அவள் என் கையையே பார்த்தாள். பிறகு குனிந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். உலர்ந்த கல்லின் மேல் ஈரமாக ஓர் அச்சு. அகன்ற வயிறு, இரண்டு பக்கமும் மடித்த தொடை. என் கையை அதன் மேல் படாமல் பிடித்தாள். விரலை மடக்கினால் கச்சிதம்.

“அளவுகோல்! பையில மாமா, சீக்கிரம்!”

பையைத் துழாவி எடுப்பதற்குள் இலைகளுக்கிடையே வெயில் இறங்கிவிட்டது. அச்சின் ஓரம் கண்ணெதிரே உள்வாங்கியது. முதலில் தொடை போயிற்று. பிறகு வயிறு ஒடுங்கியது. அந்த வெயிலுக்கு மூன்றால் வகுக்க யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

மருமகள் முழங்காலிட்டு, தொப்பியைக் கழற்றி, கல்லுக்குக் குடை பிடித்தாள். கீழே ஜீப் ஹாரன் அடித்தது.

“ஈரத்தை எல்லாம் எழுத முடியாது மாமா. நானே பாக்கணும், இல்லன்னா அது குரலையாவது கேக்கணும்” என்றாள் மெதுவாக.

“தெரியும்மா. ‘இல்லை’ன்னு எழுதுவியா?”

தாள் அவள் மடியில் கிடந்தது, பென்சில் காதில் இருந்தது. ஹாரன் மறுபடி அடித்தது. என் தப்பைச் சரிசெய்ய எனக்குத் தெரிந்த ஒரே வழி, பேசாமலிருப்பது. அவள் பக்கத்தில் முழங்காலிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன்.

அப்போது இடுக்கின் உள்ளிருந்து ஒரு சிங்கம் கர்ஜித்தது. நீங்கள் மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள். மருமகள் வகுக்கவில்லை. தொப்பியை அசைக்காமல் பிடித்தபடி, மெல்லத் தலையைச் சாய்த்து, குளிர்ந்த பாறையில் காதை ஒட்டவைத்தாள்.